மல்கியா எழுதிய தள்ளுதற்சீட்டு

சிங்காசனம் காலியாகக் கிடந்து, பலிபீடம் மட்டும் எரிந்துகொண்டிருந்த ஒரு காலத்தில், யூதேயா என்னும் மலைநாட்டில் மல்கியா என்று ஓர் ஆசாரியன் இருந்தான்.

ஆசாரியன் என்றதும் உளியும் கையுமாக ஒருவனை நினைத்துக்கொள்ளாதீர்கள். எருசலேம் தேவாலயத்தில் பலி செலுத்துவதற்கென்றே அந்த நாட்டில் ஒரு குலம் உண்டு. அந்தக் குலத்து ஆண்களுக்குத்தான் அந்தப் பெயர். வேலையும் பிறப்போடு வரும், விலக்குகளும் பிறப்போடு வரும்.

கல்யாண விஷயத்தில் அவர்களுக்கு விலக்கு மூன்று. அந்நிய தேசத்துப் பெண்ணை ஆசாரியன் மணக்கக் கூடாது. நடத்தை கெட்டவளை மணக்கக் கூடாது. புருஷனால் தள்ளப்பட்டவளை மணக்கக் கூடாது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் மல்கியா மூன்றையும் தடுமாறாமல் சொல்வான். மனப்பாடமாக இருந்ததாலேயே அவன் அவற்றை ஒருநாளும் யோசித்துப் பார்த்ததில்லை.

மல்கியா பிறந்தது அந்த நாட்டில் அல்ல, பாபிலோனில். அவன் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே பாபிலோன் ராஜா படையோடு வந்து எருசலேமை இடித்து, ஆலயத்தைக் கொளுத்தி, ஆசாரியர்களையும் எழுதப் படிக்கத் தெரிந்தவர்களையும் கிழக்கே ஓட்டிக்கொண்டு போய்விட்டான். திராட்சைத் தோட்டம் பார்க்க ஏழைகளை மட்டும் விட்டுவைத்தான். பிறகு பாபிலோனும் விழுந்தது. பாரசீக ராஜா எழுந்து, போகிறவர்கள் போகலாம் என்றான். அப்படித் திரும்பிய கூட்டத்தில், அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு வந்தவன் மல்கியா. அப்பா வழியிலேயே இறந்துபோனார். திரும்பியவர்கள் எருசலேமில் ஆலயத்தை மறுபடி கட்டினார்கள்.

ஆகவே அந்த நாட்டில் இரண்டு விதமான ஜனங்கள் இருந்தார்கள். போய்வந்தவர்கள் ஒரு விதம், போகாமல் இருந்தவர்கள் ஒரு விதம். போய்வந்தவர்கள் தங்களைத்தான் கலப்பில்லாதவர்கள் என்று எண்ணிக்கொண்டார்கள். இருந்தவர்கள் ஒன்றும் எண்ணிக்கொள்ளவில்லை. அவர்களுக்குத் தோட்டத்தில் வேலை இருந்தது.

மல்கியாவுக்கு அம்மா பெண் பார்த்தது இருந்தவர்களிடத்தில். எருசலேமுக்குத் தெற்கே, மலைச்சரிவில் ஒரு குக்கிராமம். பெண்ணின் பெயர் யெமீமாள். தாய் தகப்பன் இல்லாதவள், தாய்மாமன் வளர்த்தவள். "தைரியமா கட்டிக்கோடா. அவங்க நமக்கு வேற யாரும் இல்ல" என்றாள் அம்மா. பெண் பார்த்துவிட்டு வருகிற எல்லா அம்மாக்களும் சொல்கிற சொல்தானே என்று மல்கியா அதைக் காதோடு விட்டுவிட்டான். கல்யாணம் முடிந்த அடுத்த வருஷம் அம்மாவும் போய்ச் சேர்ந்தாள்.

நல்ல குடும்பம் அது. சொல்லத்தான் வேண்டும். ஆலயத்தில் தன் முறை முடிந்து மல்கியா ஊருக்குத் திரும்பும்போது, யெமீமாள் பாதி வழி வந்து காத்திருப்பாள். அவள் பேச்சில் ஒரு பழைய வாடை இருக்கும். அவன் அதைக் கேட்டுச் சிரிப்பான், இன்னொரு தடவை சொல்லச் சொல்வான். அவளுடைய வினோதங்கள் எல்லாம் அப்போது அவனுக்கு அழகாகத்தான் இருந்தன.

அப்புறம் கட்டளை வந்தது.

அந்நிய தேசத்துப் பெண்களைக் கட்டியிருக்கிற ஆசாரியர்கள் அவர்களை அனுப்பிவிட வேண்டும். மனமில்லாதவர்கள் பலிபீடத்தை விட்டு விலகிக்கொள்ள வேண்டும். ஏழாம் மாதத்துக் கூடாரப் பண்டிகையில் ஒவ்வோர் ஆசாரியனும் பீடத்தின் முன் நின்று, என் வீட்டில் அந்நியத்தாள் இல்லை என்று ஆணையிட வேண்டும். இதுதான் மூப்பர்கள் விதித்த கட்டளை.

கட்டளை சரியா தப்பா என்று பெரிய பெரிய ஞானிகள் இன்றைக்கும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். நான் அதற்குள் நுழையப் போவதில்லை. ஒரு கைப்பிடி ஜனம், அழிவின் விளிம்பு வரை போய்த் திரும்பிய ஜனம், கரைந்துபோய்விடுவோமோ என்று பயந்தது. அந்தப் பயம் பொய்யல்ல. மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு அந்த வருஷம் சாலையில் நடந்த பெண்களின் கண்ணீரும் பொய்யல்ல. நான் சொல்ல வந்தது ஒரே ஒரு வீட்டின் கதை.

மல்கியாவின் பக்கத்து வீட்டில் சக்கூர் என்று ஒரு லேவியன் இருந்தான், ஆசாரியர்களுக்கு உதவி செய்யும் ஆலய ஊழியக் குலத்தான். ஆலயத்தின் வாசல்காவல் அவன் வேலை. வருகிறவர் போகிறவரை எல்லாம் ஏற இறங்கப் பார்ப்பதுதான் அவன் தொழில். தொழிலை அவன் வாசலிலேயே விட்டுவிட்டு வீட்டுக்கு வருகிறவன் அல்ல.

ஒருநாள் இருவரும் முற்றத்தில் பேசிக்கொண்டிருக்கையில் யெமீமாள் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். "ஏத்தானீம் பொறக்கப் போகுது. தோட்டத்துல மாமாவுக்கு ஆள் போதாது, பாவம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

சக்கூர் குடித்த தண்ணீரைத் தொண்டையிலேயே நிறுத்தினான். "ஐயா, அம்மா என்ன சொன்னாங்க?"

"ஏழாம் மாசத்தைச் சொல்றா. அவங்க ஊர்ப் பேச்சு."

"அதுக்குப் பேரு திஷ்ரி இல்லையா? நீங்க திஷ்ரின்னுதானே சொல்வீங்க, நானும் அப்படித்தானே சொல்றேன்? ஏத்தானீம்னா என்ன? யாரோட பேரு அது?" சக்கூர் குரலைத் தாழ்த்தினான். "நான் ஒன்னும் சொல்லல. கிழக்கே மோவாப் தேசத்துல எத்தனையோ அந்நிய தெய்வம் இருக்கு."

ஒன்றும் சொல்லவில்லை என்று சொல்லியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். கேட்டவன் சிரித்துத் தள்ளியிருக்க வேண்டும். மல்கியா சிரிக்கவில்லை. அந்தச் சொல் அவன் மனசில் முள்ளாகத் தைத்தது.

அன்று முழுவதும் அவன் மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் நடக்கும்போது பார்த்தான், குனியும்போது பார்த்தான், சாப்பாடு போடும்போது அவள் கையைப் பார்த்தான். யெமீமாள் நிமிர்ந்தாள்.

"என்கிட்ட ஏதாவது கேக்கணுமா?"

"ஒன்னுமில்ல" என்றான் மல்கியா.

சந்தேகம் என்பது விசித்திரமான விருந்தாளி. இடம் கொடுத்துவிட்டால், அது தனக்கு வேண்டியதைத் தானே தேடி எடுத்துக்கொள்ளும். மல்கியா இப்போது வீட்டுக்குள் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வரத் தொடங்கினான். சத்தம் கேட்கக் கூடாதாம். தன் வீட்டுக்குள் தானே திருடனைப் போல வந்த மனுஷனை நீங்கள் கேள்விப்பட்டதுண்டா?

அப்படி வந்த ஒருநாள், கதவு மறைவில் நின்று அவள் மாவு பிசைவதைப் பார்த்தான். பிசைந்து முடித்ததும் யெமீமாள் ஒரு கிள்ளு மாவை எடுத்தாள். உதட்டுக்குள் ஏதோ சொன்னாள். மாவை அடுப்புக்குள் போட்டாள். அது கருகிப் புகையும் வரை கை கட்டி நின்றாள். பிறகுதான் அப்பம் தட்டினாள்.

மல்கியா ஓரடி பின்வாங்கினான். நெருப்புக்குப் படையலா? ஆசாரியன் வீட்டு அடுப்பில், யாருக்கு இவள் படைக்கிறாள்? வாய்விட்டுச் சொல்ல முடியாத பெயரா அது? கல்யாணம் ஆன நாளிலிருந்து இப்படித்தானா? தான் தின்ற ஒவ்வோர் அப்பமும் எந்தத் தெய்வத்தின் மிச்சமோ என்று நினைத்துப் பார்த்தான். அன்று அவன் சாப்பிடவில்லை. வயிறு சரியில்லை என்றான்.

யெமீமாள் அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். சூடு இல்லை. அவன் முகத்தைப் பார்த்தாள்.

"என்கிட்ட ஏதாவது கேக்கணுமா?"

"ஒன்னுமில்ல" என்றான் மல்கியா.

கேட்டிருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும். நீங்களும் எழுந்து வேலையைப் பார்க்கப் போயிருப்பீர்கள். ஆனால் மல்கியா தன்னைப் பெரிய சாமர்த்தியசாலி என்று எண்ணிக்கொண்டான். கேட்டால் மறைப்பாள், கேட்காமல் பார்த்தால்தான் உண்மை தெரியும் என்பது அவன் கணக்கு. சக்கூரும் அதற்கு எண்ணெய் ஊற்றினான். "பொழுது சாயுற நேரத்துல கொல்லைப்பக்கம் போறாங்க ஐயா. என் வீட்டுச் சுவரிலிருந்து பார்த்தா தெரியும். நான் வேணும்னு பார்க்கல. கண்ணுல பட்டுது."

அடுத்த மாலை மல்கியா கொல்லைச் சுவருக்கு அப்பால், அத்திமரத்தின் பின்னால் ஒளிந்து நின்றான்.

யெமீமாள் வந்தாள். முக்காட்டை இழுத்துப் போர்த்தினாள். அவர்கள் ஊரிலிருந்து பார்த்தால் ஆலயம் இருப்பது வடக்கே. ஜெபம் என்றால் வடக்கே பார்த்து நிற்க வேண்டும். அவள் கிழக்கே திரும்பினாள். இருட்டத் தொடங்கிய மலைகளைப் பார்த்துக்கொண்டு முணுமுணுத்தாள். நீளமாக, நிறுத்தி நிறுத்தி, யாரையோ ஒவ்வொருவராகக் கூப்பிடுவதுபோல. பாதி காற்றில் போய்விட்டது. கடைசியில் ஒரு சொல் மட்டும் தெளிவாகக் காதில் விழுந்தது.

"பெதாயா. திரும்பி வாங்க, பெதாயா."

சொல்லிவிட்டு அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பெதாயா! அது தெய்வத்தின் பெயர்கூட இல்லை. அது ஓர் ஆணின் பெயர். மல்கியாவுக்கு அத்திமரம் சுற்றியது. யார் இந்தப் பெதாயா? எந்த ஊர்க்காரன்? எப்போது போனான், எதற்காக இவள் அழுகிறாள்? அந்நியத்தாள் என்ற சந்தேகத்தோடு இப்போது இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. அது எது என்று நான் விளக்க வேண்டியதில்லை.

அவன் உள்ளே வந்தபோது முகம் கறுத்திருந்தது. யெமீமாள் விளக்கு ஏற்றிக்கொண்டிருந்தாள். திரியை விட்டுவிட்டு அவன் பக்கத்தில் வந்து நின்றாள். இந்தத் தடவை அவள் குரல் இறங்கியிருந்தது.

"கொஞ்ச நாளா நீங்க என்னையே பார்க்குறீங்க. எதுவானாலும் கேட்டுடுங்க. என்கிட்ட ஏதாவது கேக்கணுமா?"

ஒரு மூச்சு நேரம் மல்கியாவின் வாய் திறந்தது. பெதாயா யார் என்ற கேள்வி நாக்கின் நுனி வரை வந்தது. வந்து, திரும்பிப் போய்விட்டது.

"ஒன்னுமில்ல" என்றான்.

பண்டிகை நெருங்கியது. அந்தத் தேசத்தில் மனைவியை விலக்குகிறவன் ஒரு சீட்டு எழுதி, சாட்சிகள் முன்னால் அவள் கையில் கொடுக்க வேண்டும். அதற்குத் தள்ளுதற்சீட்டு என்று பெயர். வாயால் எவ்வளவு வேண்டுமானாலும் திட்டலாம், வீட்டை விட்டு வெளியே நிறுத்தலாம். அதெல்லாம் விலக்கு ஆகாது. சீட்டு அவள் கையில் பட்டால்தான் ஆகும். பட்ட பிறகு இல்லை என்றும் ஆகாது.

மல்கியா தன் கையாலேயே சீட்டை எழுதினான். அழகான கையெழுத்து அவனுக்கு. சக்கூரையும், சக்கூரோடு காவல் காக்கும் இன்னொருவனையும் சாட்சிக்கு அழைத்துவந்தான். யெமீமாள் மாவுக் கையோடு வந்து நின்றாள். எதற்காக ஆட்கள் வந்திருக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியாது. கணவன் படிக்கப் படிக்கத்தான் தெரிந்தது.

"அந்நியத்தாள்" என்ற சொல் வந்தபோது அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். அப்புறம் கடைசி வரி வரை அவள் கண்ணை எடுக்கவில்லை.

அவள் ஏன் அப்போதே உண்மையைச் சொல்லவில்லை என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. தன் சொந்த வீட்டில், தான் சமைத்த அடுப்பின் முன்னால், அயலார் இருவரை வைத்துக்கொண்டு, நீ யார் என்று நிரூபி என்றால் எந்தப் பெண்ணுக்கு வாய் வரும்? எனக்கு இந்த இடத்தைச் சொல்லும்போதெல்லாம் மல்கியாவின் மேல் ஆத்திரம்தான் வருகிறது.

"மூணு தடவை நானே வந்து கேட்டேன், கேளுங்கன்னு" என்றாள் அவள். "நாலாவது தடவை கேக்க எனக்கு வெக்கமா இருக்கு."

"பார்த்ததே போதும்" என்றான் மல்கியா.

"இதை நான் கையில வாங்கிட்டா என்ன ஆகும்னு தெரியுமா உங்களுக்கு? நீங்க ஆசாரியன். யோசிச்சுத்தான் குடுக்குறீங்களா?"

பயமுறுத்துகிறாள் என்று நினைத்தான் மல்கியா. "தெரியும். நீ உன் ஜனத்துகிட்டப் போகலாம்."

"என் ஜனம்" என்றாள் யெமீமாள். கையிலிருந்த மாவை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். கையை நீட்டினாள். சீட்டு அவள் உள்ளங்கையில் பட்டது.

சாயந்திரத்துக்குள் அவள் போய்விட்டாள். பிசைந்த மாவு அப்படியே கிடந்து புளித்தது.

மல்கியா பண்டிகைக்கு எருசலேம் போனான். வெள்ளை நூலங்கி உடுத்தி, பீடத்தின் முன் நின்று, கை உயர்த்தி ஆணையிட்டான். "என் வீட்டில் அந்நியத்தாள் இல்லை." குரல் கொஞ்சமும் பிசகவில்லை. அது உண்மையும்கூட. அவன் கல்யாணம் செய்த நாளிலிருந்தே அது உண்மையாகத்தான் இருந்தது.

பொழுது சாய்ந்தது. ஊரெங்கும் ஒலிவக் கிளைகளாலும் பனையோலையாலும் கூடாரங்கள் போட்டிருந்தார்கள். மல்கியா கிழக்கு மதில் பக்கமாக நடந்துபோனான். அங்கே ஒரு சத்தம் கேட்டு அவன் கால் நின்றது. நீளமாக, நிறுத்தி நிறுத்தி, யாரையோ ஒவ்வொருவராகக் கூப்பிடுகிற முணுமுணுப்பு. ஒருத்தியின் குரல் அல்ல, ஒரு கூட்டத்தின் குரல். மலைக்கிராமங்களிலிருந்து வந்த ஆண்களும் பெண்களும் கிழக்கே பார்த்து நின்று, ஒளிவு மறைவில்லாமல், பெயர் பெயராகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெயர்களின் நடுவே அவன் அதைக் கேட்டான்.

"பெதாயா. திரும்பி வாங்க, பெதாயா."

அப்போது கூட்டத்திலிருந்து ஒரு கிழவர் கையைத் தட்டிக்கொண்டு ஓடிவந்தார். யெமீமாளின் தாய்மாமன் ஆரீம். பண்டிகைக்கு முன்கூட்டியே ஊரிலிருந்து புறப்பட்டுவிட்டவர். மருமகள் சீட்டோடு வீடு திரும்பிய சங்கதி அவருக்குத் தெரியாது.

"மாப்பிள்ளை! எங்க நம்ம பொண்ணு? உலர்ந்த திராட்சை அடை கொண்டாந்திருக்கேன் அவளுக்கு. ஏத்தானீம் பண்டிகையும் அதுவுமா அவளை வீட்டுல விட்டுட்டா வந்தே?"

மல்கியா பேச்சை மாற்றினான். "மாமா, ஒன்னு கேக்கணும். அந்தப் பேரு... ஏத்தானீம்னா என்ன?"

"ஏழாம் மாசம்ப்பா. வத்தாத ஓடைன்னு அர்த்தம். போய்வந்தவங்கதான் மறந்துட்டீங்க. முதல் ஆலயம் பிரதிஷ்டை ஆனது ஏத்தானீம்லதானே?"

மல்கியாவுக்குப் பளிச்சென்று நினைவு வந்தது. ஆலயப் பிரதிஷ்டையின் அந்தப் பழைய வரியை அவனே எத்தனை முறை ராகம் போட்டு ஓதியிருக்கிறான்! ஏத்தானீம் மாதத்துப் பண்டிகையிலே என்றுதான் அதில் இருக்கிறது. ஓதிய வாய்க்கும் கேட்ட காதுக்கும் சம்பந்தமில்லாமல் போயிற்று. திஷ்ரி என்பதுதான் பாபிலோன் பேச்சு. அதுகூடப் பரவாயில்லை. நாலாம் மாதத்தை அவன் தம்மூஸ் என்பான். தம்மூஸ் யார்? பாபிலோன்காரர்களின் தெய்வம். அந்தத் தெய்வத்துக்காகப் பெண்கள் தெருவில் அழுதுகொண்டு போனதைச் சின்ன வயதில் கண்ணால் பார்த்தவன் அவன்.

"மாமா, மாவு பிசைஞ்சதும் ஒரு கிள்ளு நெருப்புல போடுறாளே?"

கிழவர் சிரித்தார். "இன்னுமா போடுறா? ஆசாரியன் வீட்டுலயே இருக்கையில? கைப்பழக்கம்! அது ஆசாரியனுக்குக் குடுக்க வேண்டிய பங்கு மாப்பிள்ளை. நீங்க எல்லாரும் பாபிலோனுக்குப் போயிட்டீங்க. வேற யாரும் அதைத் தின்னக்கூடாது. அதான், உரியவர் வர்ற வரைக்கும்னு சொல்லி நெருப்புல போடுவோம். அவ அம்மா அப்படித்தான் செய்வா. அவளுக்கும் அதுதான் படிஞ்சுபோச்சு."

நெருப்புக்குப் போனது மல்கியாவின் பங்கு. அவனுக்காக எடுத்துவைத்ததைத்தான் அவன் அந்நிய தெய்வத்தின் படையல் என்று எண்ணிப் பட்டினி கிடந்தான்.

மூன்றாவது கேள்வியைக் கேட்க அவனுக்குப் பயமாக இருந்தது. ஆனாலும் கேட்டான். "பெதாயா யாரு மாமா?"

ஆரீம் அவனை விநோதமாகப் பார்த்தார். "என்ன கேள்வி இது? உன் தாத்தா!"

"என் தாத்தா பேரு சேனாசார்."

"அது பாபிலோன்காரன் வச்ச பேரு. இங்கேர்ந்து போகும்போது அவர் பேரு பெதாயா. எங்க அப்பாவுக்குக் கூடப்பிறந்த அண்ணன். ரெண்டு பேரும் ஆசாரியங்கதான். எங்க அப்பாவுக்குக் கால் ஊனம். நடக்க முடியாதவனை எதுக்கு இழுத்துட்டுப் போறதுன்னு படைக்காரன் விட்டுட்டுப் போயிட்டான். பீடம் இடிஞ்சு கிடக்கையில எனக்கு என்ன பங்குன்னு, கடைசி வரைக்கும் அவர் ஒரு கிள்ளு மாவு வாங்கினதில்ல. நானும் அப்படியே இருந்துட்டேன். தினமும் பொழுது சாயும்போது அண்ணன் போன திசையைப் பார்த்துக் கூப்பிடுவாரு. அப்படியே எங்க ஊரே கூப்பிட ஆரம்பிச்சுது. அவரோட மக வயித்துப் பொண்ணுதான் யெமீமாள். சொந்தம் விட்டுப்போகக் கூடாதுன்னுதானே உங்க அம்மா தேடி வந்து பொண்ணு கேட்டாங்க? உனக்குத் தெரியாதா?"

"யாரும் சொல்லலையே."

"நீ கேக்கலையே" என்றார் ஆரீம். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார்.

அவங்க நமக்கு வேற யாரும் இல்ல. அம்மா சொன்னது இப்போதுதான் மல்கியாவின் காதுக்குள் நுழைந்தது.

அவன் என்ன செய்தான் தெரியுமா? சந்தோஷப்பட்டான்! அந்நியத்தாள் இல்லை, என் ரத்தம், ஆசாரியன் பேத்தி என்று துள்ளினான். பண்டிகை முடிந்த கையோடு, கிழவருக்கு ஒரு வார்த்தையும் சொல்லாமல், தெற்கே மலைப்பாதையில் ஓடினான். தப்பு நடந்துவிட்டது, மன்னிப்புக் கேட்டால் தீர்ந்தது, கையைப் பிடித்து அழைத்துவந்துவிடலாம் என்று வழியெல்லாம் கற்பனை. வழியில் வாங்கிய மாதுளம்பழம் ஒன்று மடியில்.

யெமீமாள் மாமன் வீட்டு முற்றத்தில் மாவு பிசைந்துகொண்டிருந்தாள். இளைத்திருந்தாள். அவனைக் கண்டதும் கை நின்றது.

"யெமீமா, எல்லாம் தெரிஞ்சுபோச்சு. நான்தான் முட்டாள். பெதாயா யாருன்னு கேட்டேன். மாமா சொன்னாரு. நீ அந்நியத்தாள் இல்ல."

"இப்பக் கேட்டீங்களா" என்றாள் அவள்.

"வா, வீட்டுக்குப் போகலாம்."

அவளுக்கு அழுகை வந்தது. அதை அடக்கிக்கொண்டு மாவை அழுத்திப் பிசைந்தாள்.

"நான் அந்நியத்தாள் இல்ல. சரி. இப்ப நான் யாரு?"

"என் பெண்டாட்டி."

"இல்ல. புருஷன் தள்ளின பொம்பளை. சீட்டு என்கிட்ட இருக்கு, உங்க கையெழுத்து. ஆசாரியன் கட்டக் கூடாதவங்க யார் யாருன்னு சொல்லுங்க பார்ப்போம். மூணும் உங்களுக்கு மனப்பாடமாச்சே."

மல்கியா வாய் திறந்தான். அந்நிய தேசத்துப் பெண். நடத்தை கெட்டவள். புருஷனால்... மூன்றாவதில் அவன் நாக்கு நின்றுவிட்டது. பிறந்ததிலிருந்து சொல்லிவந்த சொல்லுக்கு அன்றுதான் அவனுக்கு அர்த்தம் தெரிந்தது. தள்ளியவன் யாரோ ஒருவனாக இருக்க வேண்டும் என்று சட்டத்தில் இல்லை. தள்ளியவன் அவனே ஆனாலும், அவள் அவனுக்குத் தள்ளப்பட்டவள்தான்.

தோட்டக்காரனாக இருந்திருந்தால் அழைத்துப் போயிருக்கலாம். குயவனாக, வாசல்காவல்காரனாக இருந்திருந்தால்கூட முடிந்திருக்கும். சக்கூர் தன் மனைவியைத் தள்ளி மறுநாளே திரும்ப அழைத்துக்கொள்ளலாம். ஆசாரியனுக்கு மட்டும் அந்தக் கதவு கிடையாது.

"நான் அங்கியைக் கழற்றிடுறேன்" என்றான் மல்கியா. "பீடம் வேண்டாம். எனக்கு ஒன்னும் வேண்டாம்."

"அங்கியைக் கழற்றலாம்" என்றாள் யெமீமாள். "பெதாயாவோட பேரன்கிறதைக் கழற்ற முடியுமா? நான் கையை நீட்டுறதுக்கு முன்னாடி கேட்டேனே, யோசிச்சுத்தான் குடுக்குறீங்களான்னு."

இல்லாத தடையைத் தேடி இருட்டிலும் மறைவிலும் நின்றவன், கடைசியில் தன் அழகான கையெழுத்தால் தானே ஒரு தடையை உண்டாக்கினான். முதலில் அவளிடம் ஒரு குறையும் இல்லை. அவனால்தான் வந்தது.

யெமீமாள் பிசைந்த மாவிலிருந்து ஒரு கிள்ளு எடுத்தாள். பழக்கத்தில் கை அடுப்புப் பக்கம் போயிற்று. பாதியில் நிறுத்தி, அவன் பக்கம் திரும்பினாள். முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். முன்பின் தெரியாத ஓர் ஆசாரியர் வாசலில் வந்து நின்றால் ஊர்ப் பெண்கள் எப்படிக் கொடுப்பார்களோ அப்படி, இரண்டு கையாலும் நீட்டினாள்.

"ஆசாரியர் வந்திருக்கீங்க. உங்க பங்கை வாங்கிக்கோங்க."

மல்கியா வாங்கிக்கொண்டான். வாங்கத்தான் முடிந்தது. அந்த ஒரு கிள்ளு மாவோடு அவன் மலைப்பாதையில் திரும்பி நடந்தான். பாதி வழியில் காத்திருக்க யாரும் இல்லை. மாதுளம்பழம் மடியிலேயே இருந்தது.

ஆகவே, கேட்டவர்களே, மனசில் சந்தேகம் எழுந்தால் அதை உரியவரிடம் வாய்விட்டுக் கேட்டுவிட வேண்டும். கேளாமலே தீர்ப்பு எழுதியவனுக்குப் பிறகு உண்மை கிடைத்தாலும், இழந்தது கிடைக்காது.